காதர் நவாஸ்கான் சாலையில் ஒரு மணிச் சாப்பாடு

எந்த ஓட்டல், கண்ணாடிக் கடையா, மாமரத்து வீடா என்பதை வியாழக்கிழமையே முடிவு செய்திருக்கலாம். போன் வந்து மூன்று நாளாகிறது, மூன்று நாளும் தணிகாசலம் இதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை, ஆனாலும் முடிவு செய்யவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு பத்துக்கு நுங்கம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி காதர் நவாஸ்கான் சாலைக்குள் திரும்பும்போது அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கலாவதி ஒரு மணிக்கு வருகிறாள். வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே தன் பதிலைச் சொல்கிறேன் என்றாள். என்ன பதில் என்று கேட்கிற அளவுக்கு அவன் மடையன் இல்லை. கட்டிக்கொள்கிறேன் என்பதா, வேண்டாம் என்பதா, அந்தப் பதில். அதை அவள் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், கறிகாய் வாங்கி வருகிறேன் என்பது போல. இடத்தை நீங்களே பாருங்க, அந்த ரோட்டுலதானே இருபது வருஷமா வேலை பாக்கறீங்க, உங்களுக்குத் தெரியாத எடமா, நானும் பஸ்ஸுல போகும்போதெல்லாம் பாக்கறேன், ஒரு நாளாவது அங்க உக்காந்து சாப்பிடணும்னு இருக்கு என்றாள். அவன் சரி என்றான். சரி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது, ஒரு நொடி. நாற்பத்தேழு வயதில் முதல் கல்யாணத்துக்கு நிற்கிற மனுஷனுக்கு அந்த ஒரு நொடி போதும், மூன்று நாள் தூக்கம் போக. ஆனால் இது கெட்ட தூக்கமின்மை இல்லை. திருத்தணிக் கிருத்திகைக்குக் கிளம்பும் நாள் சின்ன வயதில் வருமே, விடிந்துவிட்டதா விடிந்துவிட்டதா என்று, அது. நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்து மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சட்டை புதிது, மடிப்புக் கோடுகூட இன்னும் போகவில்லை. வலது தோள் தானாகவே கொஞ்சம் சாய்ந்து நடந்தது, தினமும் கருவிப் பையைத் தூக்குகிற தோள், இன்று பை இல்லை என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை.

தணிகாசலத்துக்குத் தெரியாத இடம் இந்தச் சாலையில் இல்லை என்பது உண்மைதான். இந்தச் சாலையில் பதினோரு ஓட்டல்களின் வயிறு அவனுக்குத் தெரியும். முகம்தான் தெரியாது. அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக், வீட்டு ஃப்ரிட்ஜ் இல்லை, ஆள் நுழைந்து நிற்கிற கோல்டு ரூமும், நாலு கதவு ஃப்ரீசரும். ஓட்டல் வாசலில் பூந்தொட்டி வைத்து, பித்தளை விளக்கு வைத்து, வெள்ளைத் தொப்பி போட்ட ஆளை நிறுத்தி வைத்திருப்பார்களே, அதெல்லாம் அவன் ரோட்டிலிருந்து பார்த்ததோடு சரி. அவன் போகும் வழி பக்கத்துச் சந்து, கேஸ் சிலிண்டர் வரிசை, எச்சில் தொட்டி, பின்கதவு, சமையல்கட்டு. உள்ளே போய்க் கதவைத் திறந்து குளிருக்குள் தலையை விட்டால் அந்த ஓட்டலின் சங்கதி மொத்தமும் தெரிந்துவிடும். எந்த மாவு எத்தனை நாள் மாவு, எந்தக் கோழி போன பண்டிகைக்கு வாங்கினது, எல்லாம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள், இவன் சட்டிக்கு முந்தின இடத்தையும் பார்த்தவன். வெளியே மனிதர்கள் விலைப்பட்டியலைப் பார்த்து ஓட்டலை எடைபோடுகிறார்கள், தணிகாசலம் கம்ப்ரசர் சத்தத்தைக் கேட்டு எடைபோடுவான். அதனால்தான் இன்று இவ்வளவு தொல்லை. ஒன்றும் தெரியாத ஒருவன் வந்திருந்தால் முதல் வாசலிலேயே நுழைந்து உட்கார்ந்து இந்நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான்.

முதல் வாசல் இருட்டுக் கடை. பட்டப்பகலில் மெழுகுவத்தி ஏற்றி வைத்திருப்பார்கள், வடக்கத்திச் சாப்பாடு, ரொட்டி, பருப்பு, பால்கட்டி. நல்ல சாப்பாடுதான். ஆனால் இருட்டில் அவள் முகம் எப்படித் தெரியும். பதில் சொல்லும்போது முகம் தெரிய வேண்டாமா. அதுவும் அவள் கண் ஆஸ்பத்திரிக்காரி, வெளிச்சம் இல்லாத இடத்தில் படிக்காதீங்க என்று நாள் முழுக்க ஊருக்குச் சொல்கிறவள், அவளை இருட்டில் உட்காரவைத்து விலைப்பட்டியலைக் கையில் கொடுத்தால் என்ன நினைப்பாள். வேண்டாம். அடுத்தது மாடியில் இருக்கிற பச்சை மீன் கடை. மீனை அப்படியே பச்சையாக, நகம் அளவுக்கு நறுக்கி, ஒரு வாய்ச் சோற்றின் மேல் படுக்கவைத்துத் தருவார்கள். தணிகாசலம் அந்த ஃப்ரீசரை மாதம் ஒருமுறை பார்க்கிறான், சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம், ஆனால் பதில் சொல்ல வருகிறவளுக்கு முன்னால் வேகாத மீனை வைப்பதா. அவள் மீன் சாப்பிடுவாளா? அங்கே நினைவு ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டது. அவள் அசைவம் சாப்பிடுவாளா என்றே அவனுக்குத் தெரியாது. மூன்று தடவை உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கேன்டீனில் சமோசா, பெசன்ட் நகர் கடற்கரையில் சுண்டல், மறுபடியும் கேன்டீனில் சமோசா. சமோசாவை வைத்து ஒரு மனுஷியின் ஜாதகத்தைக் கணிக்க முடியுமா. கேட்டிருக்கலாம். நீங்க கறி மீனெல்லாம் உண்டா என்று ஒரு வார்த்தை. அதைக் கேட்காமல் கடற்கரையில் நாற்பது நிமிஷம் அலையைப் பற்றிப் பேசினான்.

கேக் கடையைத் தாண்டும்போது நடை தானாக வேகமானது. இளஞ்சிவப்புச் சுவர், வாசலில் இரண்டு பெண்கள் நின்று தங்களையே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது. கலாவதிக்குக்கூடப் பிடிக்கும். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முந்தைய சித்திரையில் ஒரு நாள் அங்கே கம்ப்ரசர் ஆறு மணி நேரம் செத்துக் கிடந்தது தணிகாசலத்துக்குத் தெரியும், உள்ளே இருந்த க்ரீம் என்ன கதியானது என்பதும் தெரியும், அதை அவர்கள் கொட்டவில்லை என்பதும் தெரியும். தெரிந்ததை யாரிடமும் சொன்னதில்லை. முதலாளியிடம் மட்டும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தான், அதோடு அந்த வாடிக்கையும் போனது. டாக்டர் நோயாளியைப் பற்றி வெளியில் பேசுவாரா, அது மாதிரி, ஒருவன் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினான் என்றால் அவன் மானத்தையே திறந்து காட்டினான் என்று அர்த்தம். கலாவதி கையைக் காட்டி இங்க போலாமா என்று கேட்டால் என்ன செய்வது? ஏன் வேண்டாம் என்று சொல்ல முடியாது, சரி என்றும் சொல்ல முடியாது. பல்லி போல வாசலில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவள் எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும், ஆட்டோ எதிர்ப்பக்கத்திலிருந்துதான் வரும், ஸ்டெர்லிங் சாலை வழியாக வந்தால் இந்தக் கேக் கடையைத் தாண்டித்தானே வருவாள்? அப்புறம் அந்தப் பயமே ஒரு சந்தோஷமாக மாறியது, அவள் வருகிறாள், எந்தப் பக்கமாக வந்தால் என்ன, இந்த ஊரில் ஒரு ஆட்டோ இந்நேரம் அவளை ஏற்றிக்கொண்டு இவனைத் தேடித்தான் வந்துகொண்டிருக்கிறது, அதை நினைத்தால் சிரிப்பு வந்தது. எதிரே வந்தவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று பதிலுக்குச் சிரித்துவிட்டுப் போனார்.

கலாவதியின் ஆஸ்பத்திரிக்கு முதலில் கண்ணுக்குப் பவர் பார்க்கத்தான் போனான். போன தைமாதம், ஃப்ரீசர் செப்புக் குழாய்க்கு வெல்டு வைக்கும்போது குழாய் இரண்டாகத் தெரிந்தது, காஞ்சனா அக்கா வயசாச்சுடா தணி, போய்க் காட்டு என்று விரட்டினாள். அங்கே இருட்டு அறையில் ஒரு கனத்த இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டி, கண்ணாடி வில்லையைப் போட்டுப் போட்டு எடுத்தாள் ஒருத்தி. இது நல்லா இருக்கா, இல்ல முன்னாடி இருந்தது நல்லா இருந்ததா. இது. சரி, இப்ப? முன்னாடி இருந்தது. எது முன்னாடி, மொதல்ல இருந்ததா, அதுக்கப்புறமா? அவனுக்கு வேர்த்துவிட்டது. உங்களுக்கு எது சரின்னு படுதோ அதையே போடுங்க மேடம் என்றான். அவள் சிரித்தாள், இருட்டில் சிரிப்பு மட்டும் கேட்டது. பாக்கப்போறது நீங்க, நான் எப்படிங்க சொல்றது, கண்ணு உங்களுது என்றாள். அந்தக் குரலுக்காகவே அடுத்த வாரம் கண்ணாடி மூக்கில் அழுத்துகிறது என்று போனான், அழுத்தவே இல்லை. அதற்கடுத்த வாரம் காது வலிக்கிறது என்று போனான், அவள் கண்ணாடியை வாங்கி ஒரு தடவை வளைத்துப் பார்த்து, இதுல ஒண்ணும் இல்லையே, வாங்க, ஒரு காபி குடிக்கலாம் என்று சொல்லிவிட்டாள். அவள் அப்படித்தான், வளைத்துப் பார்த்த உடனே சொல்லிவிடுகிறவள். கேன்டீனில் தன் கதையையும் அப்படித்தான் சொன்னாள். பதினோரு வருஷம் ஒருவரோடு இருந்தேன், இப்போது இல்லை, சட்டப்படி எல்லாம் முடிந்தது, பிள்ளை இல்லை, அடிக்கவெல்லாம் மாட்டார், ஆனால் கதவுக்கு என்ன பெயின்ட், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எந்தப் புடவை, எல்லாம் அவரே முடிவு செய்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார் என்றாள். தணிகாசலம் அப்போதே மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டான், நான் அப்படி இருக்கவே மாட்டேன், உங்க இஷ்டம் எதுவோ அதுதான் என் இஷ்டம். அவள் காபி என்றாள், இவனும் காபி என்றான். இவன் ஜென்மத்தில் காபி குடிக்கிறவன் இல்லை.

மாமரத்து வீட்டு வாசலில் நின்றான். பழைய பங்களா, முற்றத்தில் மரம், மரத்தடியில் இரும்பு மேஜை, காற்று வரும், வெளிச்சமும் உண்டு. வாசலில் ஒரு மரச்சட்டத்தில் விலைப்பட்டியல் விரித்து வைத்திருந்தார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தான். பாதிப் பெயர் வாயில் நுழையவில்லை. எல்லாவற்றையும் ஒரு பலகையின் மேல் வைத்துத் தருவார்கள், தட்டு கிடையாது, அது அவனுக்குத் தெரியும், பலகை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில்தான் ஃப்ரீசர். அந்த ஃப்ரீசரில் கடையில் வாங்கின வடை மாதிரி ஒன்று அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக அடுக்கியிருக்கும், இங்கே யாரும் எதையும் சமைப்பதில்லை, சூடு மட்டும் பண்ணுகிறார்கள். ஆனால் மரம் உண்மையான மரம். மரத்துக்காகச் சாப்பிடலாமா? கலாவதி மரத்தைப் பார்ப்பாளா, வடையைப் பார்ப்பாளா? அதற்குள் வாட்ச்மேன் பொன்னுரங்கம் எழுந்து வந்துவிட்டார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, பாசத்தோடு, இன்னா தணி, ஞாயித்துக்கிழமையும் வேலையா, சைடு கேட்டு தொறந்துதான் கீது, போ என்றார். இல்லண்ணே, சும்மா பாத்துக்கினு இருந்தேன் என்றான். பொன்னுரங்கம் சட்டையைப் பார்த்தார், மடிப்புக் கோட்டைப் பார்த்தார், மூஞ்சியைப் பார்த்தார், ஏதோ ஒன்று விளங்கி வாய்நிறையச் சிரித்தார், ஆனால் வா உள்ளே என்று சொல்லவில்லை, அவர் கையில் இருப்பது பெரிய கேட்டின் கொண்டி, அதைத் திறக்க அவருக்குத் தோன்றவில்லை. கோபப்பட ஒன்றும் இல்லை. இருபது வருஷமாகத் தணிகாசலம் இந்தப் பெரிய கேட்டுக்குள் நுழைந்து அவர் பார்த்ததில்லை. ஆனாலும் கலாவதியோடு வரும்போது இவர் இதையே சொன்னால்? வேண்டாம். மாமரம் வேண்டாம்.

பன்னிரண்டு நாற்பது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. நாற்பத்தேழு வருஷம் ஒண்டியாக இருந்தது போய் இந்த இருபது நிமிஷம்தான் அவனைப் பாடாகப் படுத்தியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? வேண்டாம் என்பவள் இவ்வளவு தூரம் வருவாளா, போனிலேயே சொல்லியிருப்பாளே. ஆனால் கலாவதி போனில் சொல்கிறவள் இல்லை, நேரே வந்து முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்கிறவள், அதுதான் அவளிடம் இவனுக்குப் பிடித்ததே. பிடித்த குணமே நமக்கு வினையாக வரும்போது எங்கே போய் முறையிடுவது. ஏசி இருக்கற எடமாப் பாருடா, பொம்பளைக்கு வேர்க்கக் கூடாது என்று அக்கா காலையில் சொன்னாள். அக்கா, உலகத்தில் எல்லாப் பிரச்சினைக்கும் ஏசி மருந்து இல்லை, அப்படி இருந்தால் நான் எப்போதோ கல்யாணம் பண்ணியிருப்பேன் என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. ஒருத்தியோடு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது எப்படி இருக்கும். நாற்பத்தேழு வருஷத்தில் அவன் அக்கா வீட்டுக் கூடத்தில் டி.வி.யைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறான், பந்தியில் முன்னால் இருப்பவர் முதுகைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறான், ஓட்டல் சமையல்கட்டில் எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து சுவரைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறான். ஒரு முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டதில்லை, கேன்டீனில்கூடச் சமோசாவைப் பார்த்துத்தான் சாப்பிட்டான். வாயில் ஒட்டிக்கொண்டால் யார் சொல்வார்கள்? அவள் சொல்வாள். தணி, மீசையில சோறு என்பாள். தணி என்பாளா? அந்த ஒரு வார்த்தையை மனசுக்குள் அவள் குரலில் நாலைந்து முறை சொல்லவைத்துப் பார்த்தான், ஒவ்வொரு முறையும் காது சூடானது.

கண்ணாடிக் கடைதான். அவள் பஸ்ஸிலிருந்து பார்த்ததும் அதுவாகத்தான் இருக்கும், சாலையைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே வெள்ளை மேஜைகள், வெளியே போகிறவர்களுக்கு உள்ளே இருப்பவர்கள் தெரிவார்கள், உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே எல்லாம் தெரியும். இத்தாலிக்காரர்கள் சாப்பாடு. அந்தக் கோல்டு ரூமைப் போட்டதே தணிகாசலம்தான், எட்டு வருஷமாகிறது, இன்றைக்கும் நாலு டிகிரியை விட்டு அசையாது. மிச்சம் மீதி எதையும் அங்கே மறுநாள் பார்த்ததில்லை. பிரமோத் என்று ஒரிசாக்காரன் ஒருவன் தலைமைச் சமையல், தக்காளியை முகர்ந்து பார்த்து வாங்குகிறவன். சைவமும் உண்டு, அசைவமும் உண்டு, அவளுக்கு எதுவானாலும் சரி. வெளிச்சம் உண்டு, ஏசி உண்டு, அக்காவுக்கும் திருப்தி. இதை வியாழக்கிழமையே நினைத்திருக்கக் கூடாதா. மனசு எவ்வளவு பெரிய சுற்று சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. அவளுக்குக் கட்டாயம் பிடிக்கும் என்று ஒரு தரம் சொல்லிக்கொண்டான், அவளுக்குப் பிடித்தால் போதும் என்று இன்னொரு தரம் சொல்லிக்கொண்டான், சொல்லும்போதே சாலை மறுமுனையில் ஒரு ஆட்டோ நின்றது.

மாம்பழ மஞ்சளில் பருத்திப் புடவை. கலாவதி ஆட்டோக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு இறங்கினாள், புடவைக் கரையைத் தட்டிவிட்டாள், தேடினாள், பார்த்தாள். இவன் கையை உயர்த்தினான், கொஞ்சம் அதிகமாகவே உயர்த்திவிட்டான். ரொம்ப நேரமா நிக்கறீங்களா என்றாள், இல்ல இப்பதான் என்றான், முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. இருவரும் நடந்தார்கள். எவ்வளவு கிட்டத்தில் நடக்கிறாள். கையில் சின்னப் பை, தலையில் முல்லை, கண்ணாடிக்குப் பின்னால் கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தது. காலையில் ஆஸ்பத்திரியில் இலவச முகாமாம், நூற்றுப்பத்துப் பேர் வந்தார்களாம், ஒரு கிழவர் எழுத்தே படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு எல்லா வரியையும் தெரியலை தெரியலை என்றாராம், படம் போட்ட அட்டையைக் காட்டினதும் கடகடவென்று யானை, குடை, மீன் என்று சொன்னாராம். அவள் சொல்லச் சொல்ல அவனுக்கு அந்தக் கிழவர் மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. அப்புறம் என்று கேட்டான். சிரித்தான். அவள் பக்கம் திரும்பியே நடந்தான், சாலையைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய அவசியம் என்ன, இருபது வருஷமாக நடக்கிற சாலை, கால்களுக்குத் தெரியாதா. கால்களுக்குத் தெரிந்திருந்தது. தணிகாசலம் பேசிக்கொண்டே இடப்பக்கம் திரும்பினான், சிலிண்டர் வரிசையைத் தாண்டினான், பாத்துங்க ஈரம் என்று சொல்லி அவளுக்கு வழிவிட்டான், தகரக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, வாங்க என்றான்.

ஆவியும் பூண்டு மணமும் முகத்தில் அடித்த பிறகும் அவனுக்கு உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி, ஐந்து அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது, பத்துப் பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். பிரமோத் திரும்பிப் பார்த்தான், வாணலியை விடாமலே முகம் மலர்ந்து, நல்ல நேரம் வந்தே அண்ணா, காலையிலேருந்து ஃப்ரீசர் அழுவுது, போன் போடலாம்னு நெனச்சேன் என்றான். தணிகாசலம் உடனே போய் ஃப்ரீசர் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தான். காதையும் வைத்தான். கன்டென்சர்ல தூசி அடைச்சிருக்குடா, ஃபேன் திணறுது என்று சொல்லி, பையை எடுக்க வலது தோளுக்குக் கையைக் கொண்டுபோனான். பை இல்லை. பை இல்லாத தோளில் மடிப்புக் கோடு போட்ட புதுச் சட்டை இருந்தது. அப்போதுதான் திரும்பினான். மஞ்சள் புடவை, பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கும் வெங்காயக் கூடைக்கும் நடுவில், கரையைக் கையால் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தது.

பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது. உலகத்தில் எவனாவது பெண்ணுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறேன் என்று எச்சில் தொட்டி வழியாகக் கூட்டிவருவானா. மன்னிச்சுக்குங்க, காலு பழக்கத்துல வந்துடுச்சு, வாசல் அந்தப் பக்கம், சுத்திப் போயிடலாம், வேற எடம் வேணும்னாலும், உங்களுக்கு எங்க பிடிக்குதோ அங்க என்று குளறினான். கலாவதி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. வில்லையை மாற்றிவிட்டுக் காத்திருப்பாளே, அந்த நிதானத்தில் அவனைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணு சொல்லிடறேன். வேணாம்னு சொல்லத்தான் வந்தேன்."

அடுப்புச் சத்தம், தட்டுச் சத்தம் எல்லாம் எங்கேயோ தூரத்துக்குப் போனது.

"மூணு தடவை உக்காந்து பேசியாச்சு. நான் காபின்னா நீங்களும் காபி. ஒவ்வொரு வாயும் கஷாயம் குடிக்கற மாதிரி குடிச்சீங்க. நான் போலாமான்னா எழுந்துக்கறீங்க, உக்காரலாமான்னா உக்காரறீங்க. முன்னாடி இருந்தவரு என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. அந்த வீட்டுல அவரு மட்டும்தான் இருந்தாரு. நீங்க என்னைக் கேக்காம ஒண்ணும் பண்ண மாட்டீங்க. இந்த வீட்டுல நான் மட்டும்தான் இருப்பேன். மறுபடியும் ஒருத்தர் இருக்கற வீடு எனக்கு எதுக்குங்க? சரி, எடத்தையாவது அவரா பாக்கட்டும், என்னதான் பிடிக்கும்னு பாப்போம்னுதான் உங்களையே பாக்கச் சொன்னேன். அதையும் எனக்காகத்தானே பாத்தீங்க?"

எனக்காகத்தானே என்றதும் அவன் வாய் உங்களுக்கு எது என்று தொடங்கிப் பாதியில் நின்றது. எனக்கு என்ன பிடிக்கும்? இருட்டு அறையில் வேர்த்த மாதிரி வேர்த்தது. முக்கால் மணி நேரம் இந்தச் சாலையை நெடுக அளந்தவனுக்கு அந்தக் கேள்வி ஒரு வாசலில்கூடத் தோன்றவில்லை. ஆனால் பதில் தெரியாமல் இல்லை. பதில் இரண்டடி தூரத்தில், கீழ்த்தட்டில், ஈயம் பூசின மூடி போட்ட அலுமினியக் குண்டானில் இருந்தது. இதைச் சொன்னால் எல்லாம் போகும் என்று நினைத்தான், எப்படியும் போய்விட்டதே என்றும் நினைத்தான், அந்த இரண்டாவது நினைப்பில் ஒரு தைரியம் வந்தது.

"எனக்கு அந்தக் குண்டான்ல இருக்கறதுதாங்க பிடிக்கும்," என்றான். "பிரமோத் ஆளுங்களுக்குன்னு வைக்கற மீன் கொழம்பு. கடுகு அரைச்சு ஊத்தி வைப்பான். இங்க வேலைன்னா மத்தியானமாப் பாத்துதான் வருவேன். முன்னாடி விக்கறது எதுவும் எனக்குப் பிடிக்காது. காபியும் பிடிக்காது. டீதான்."

பிரமோத் வாணலியைக் கீழே வைத்துவிட்டான்.

"எனக்கு மீனு வாசனையே ஆகாது," என்றாள் கலாவதி. "கோழி வரைக்கும்தான்."

சரிங்க, நானும் விட்டுடறேன் என்கிற வார்த்தை தணிகாசலத்தின் நாக்கு நுனி வரை ஓடி வந்தது. அது எவ்வளவு வேகமாக வந்தது என்று அவனுக்கே பயமாக இருந்தது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினான், முழுங்கினான்.

"அப்ப நீங்க வேற ஏதாச்சும் சாப்பிடுங்க," என்றான். "நான் அதத்தான் சாப்பிடப்போறேன்."

கலாவதி புடவைக் கரையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, உக்கார்ற எடம் எந்தப் பக்கம் என்று பிரமோத்தைக் கேட்டாள். அவன் கரண்டியால் காட்டினான், வட்டக் கண்ணாடி பதித்த ஆடுகதவு. பரிமாறுகிறவர்கள் அதை இடித்துக்கொண்டு போவதைத் தணிகாசலம் எட்டு வருஷமாகப் பார்க்கிறான், ஒரு நாளும் தாண்டியதில்லை. அவள் தள்ளிக்கொண்டு போனாள். ஆடித் திரும்பி வந்த கதவைக் கையால் பிடித்து அவனும் போனான்.

வெளிச்சம் என்றால் அப்படி ஒரு வெளிச்சம். சமையல்கட்டிலிருந்து வந்த இருவரையும் மேஜைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், கலாவதி யாரையும் பார்க்காமல் நேரே போய்க் கண்ணாடியை ஒட்டின மேஜையில் சாலையைப் பார்த்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். கிட்டத்தில் வந்து நின்ற பையனிடம் விலைப்பட்டியலில் ரொம்ப நீளமான பெயராகப் பார்த்து விரலை வைத்து, இது என்னன்னு தெரியாது, இதுதான் வேணும் என்றாள். அந்தக் குழம்பைப் பிரமோத்தே கொண்டுவந்தான், அகலமான வெள்ளைத் தட்டில் சோறு, மேலே மீன், அவன் முகத்தில் என்ன ஒரு மிடுக்கு. கடுகு நெடி மேஜையைத் தாண்டிப் போனது. கலாவதி முந்தானையை மூக்கில் வைத்தாள். தணிகாசலத்தின் கை தட்டுக்கு மேல் அப்படியே நின்றது. சாப்பிடுங்க என்றாள், முந்தானைக்குள்ளிருந்து. சாப்பிட்டான். கையால் பிசைந்து, முள்ளை விலக்கி, நிமிர்ந்தால் எதிரே ஒரு முகம் இருந்தது. அவளுக்கு வந்தது நூடுல்ஸ் போல ஒன்று, முள்கரண்டியில் சுற்றினால் அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது, நாலு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு அவளும் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். பாதித் தட்டு வரை இருவரும் பேசவில்லை. பேச்சு இல்லாமல் இருந்தது அவனுக்குப் பயமாக இல்லை, அதுதான் ஆச்சரியம். நெஞ்சில் மேளம் மட்டும் நிற்கவில்லை.

"இந்தக் கொழம்ப வாரத்துக்கு எத்தனை நாள் வைக்கணும் உங்களுக்கு?" என்று கேட்டாள், தட்டைப் பார்த்தபடி.

அவன் யோசித்தான். குறைத்துச் சொல்லலாமா என்று ஒரு எண்ணம் வந்தது, போனது.

"மூணு நாள்."

"யார் வைக்கறது?"

"நானே வைக்கறேன்."

"சட்டி?"

"நானே கழுவறேன்."

அவள் முந்தானையை மறுபடி மூக்குக்குக் கொண்டுபோனாள், கண் மட்டும் தெரிந்தது. "அப்ப சமையல்கட்டுல பெரிய ஜன்னலா இருக்கற வீடாப் பாருங்க," என்றாள்.